நானூறு கேம், ஆடுவது எத்தனை?

"அப்பா, கேம் பாஸ் போட்டுக்கலாமா? நானூறு கேம் இருக்காம்!" பரீட்சை முடிந்து லீவு விட்டால் பல வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற இளைஞர்கள் இதையே தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். உடனே மனசு ஒரு பெருக்கல் போடும். புதிதாக வரும் பெரிய பிளேஸ்டேஷன் கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாய் வரை விற்கிறது. அப்படி நானூறு என்றால் இருபது லட்சம். அதை மாதம் ஆயிரத்துச் சொச்சத்துக்குத் தருகிறேன் என்றால் விடுவதற்கு மனசு வருமா?

இந்தப் பெருக்கல்தான் நம்மை ஏமாற்றுகிறது. நானூறையும் யாரும் ஆடப்போவதில்லை. ஒரு பெரிய கேமை முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் பிடிக்கும். வேலைக்குப் போகிறவருக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் கணக்கில் மாதத்துக்கு ஒரு கேம்கூட முழுசாகத் தேறாது. ஆகவே சந்தாப் பணத்தை நானூறால் வகுக்காதீர்கள். நீங்கள் நிஜமாக ஆடப்போகிற ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்றால் வகுத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் சிலருக்கு இது கொள்ளை மலிவு, சிலருக்குத் தண்டச் செலவு. யாருக்கு எது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், எதற்குக் காசு கட்டுகிறோம்? கேம் சந்தா என்பது மாச மெஸ் மாதிரி. பணம் கட்டிவிட்டால் எத்தனை வேளை வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் இன்றைக்கு என்ன சமையல் என்பதை மெஸ்காரர்தான் முடிவு செய்வார். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அந்தப் பத்து நாள் காசு திரும்பி வராது. மாதம் முடிந்து பணம் கட்டவில்லை என்றால் இலை போட மாட்டார்கள். இந்த மூன்று விதியையும் மனதில் வைத்துக்கொண்டால் கேம் சந்தாவின் சூட்சுமம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சந்தையில் இன்று பல பெயர்கள் உண்டு. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017 ஜூனில் வந்தது. எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் 2010-லிருந்தே இருக்கிறது. 2022-இல் அதை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். போனுக்கு ஆப்பிள் ஆர்கேட், கூகுள் பிளே பாஸ். 2021 நவம்பரிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் சந்தாவுக்குள்ளேயே போன் கேம்கள் வருகின்றன. படம் பார்ப்பதற்காக ஏற்கெனவே காசு கட்டுகிறவர்கள் அதைத் தனிக் கட்டணம் இல்லாமல் ஆடிக்கொள்ளலாம்.

சினிமாச் சந்தாவுக்கும் கேம் சந்தாவுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பெரும்பாலான கேம்களைத் தொட்டவுடன் ஆட முடியாது. முழுசாக டவுன்லோடு செய்து இன்ஸ்டால் பண்ண வேண்டும். பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுவது இன்று சகஜம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்து, முழு வேகமும் கிடைத்தால் 100 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். போனில் நாளுக்கு 2 ஜிபி பேக் போட்டு ஹாட்ஸ்பாட்டில் இறக்க நினைத்தால் ஐம்பது நாள். அதற்குள் சந்தா முடிந்து அடுத்த மாதமும் முக்கால்வாசி போயிருக்கும். வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன் இல்லாதவர்கள் கம்ப்யூட்டர், கன்சோல் சந்தாக்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதேபோல, ஆபீஸ் வேலைக்கு வாங்கிய லேப்டாப்பில் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் பட்டியலில் இருக்கும் பெரிய பெயர்கள் பலவும் திக்கித் திக்கித்தான் ஓடும். சந்தா எடுக்கும் முன் கேமின் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இனி விலை. கேம் பாஸ் வந்த புதிதில் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர். 2018-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு துணிச்சலான வேலை செய்தது: தன் சொந்த ஸ்டுடியோக்களின் புது கேம்களைக் கடைக்கு வருகிற அன்றே சந்தாவிலும் போட ஆரம்பித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த 'சீ ஆஃப் தீவ்ஸ்' அதற்குப் பிள்ளையார் சுழி. 60 டாலர் கேமைப் பத்து டாலருக்கு ஆடலாம் என்றால் கூட்டம் வராமல் இருக்குமா? 2024 பிப்ரவரியில் சந்தாதாரர் எண்ணிக்கை 3.4 கோடி என்று நிறுவனமே அறிவித்தது.

கூட்டம் சேர்ந்ததும் விலை ஏறியது. எல்லா வசதியும் சேர்ந்த 'அல்டிமேட்' அடுக்கு 2019-இல் 14.99 டாலர். 2023-இல் 16.99, 2024-இல் 19.99, 2025 அக்டோபரில் ஒரே தாவாக 29.99. ஆறே ஆண்டில் இரட்டிப்பு. அந்த அக்டோபரில் இந்தியாவில் 829 ரூபாயாக இருந்த மாதக் கட்டணம் 1,389 ஆனது. அந்தக் கணக்கில் வருஷத்துக்கு 16,668 ரூபாய். இந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கொள்முதல் இருக்கிறது. 'கால் ஆஃப் டூட்டி' கேம்களை வெளியிடும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்குப் பேசி, 2023 அக்டோபரில் வாங்கி முடித்தது. அடுத்த அக்டோபரில் புது கால் ஆஃப் டூட்டியை முதல் நாளே சந்தாவில் போட்டது. வருஷா வருஷம் 70 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த ஜனம் சந்தாவிலேயே ஆடிக்கொண்டால் அந்த வருமானத்தை வேறெங்காவது எடுத்தாக வேண்டும். எடுக்கிற இடம் சந்தாதாரரின் பாக்கெட்தான்.

சோனி இந்த வழிக்குப் போகவில்லை. தன் பெரிய கேம்களை முதலில் முழு விலைக்கு விற்று, வாங்குகிறவர்கள் எல்லாம் வாங்கி முடித்த பிறகே சந்தாவில் சேர்க்கிறது. 'காட் ஆஃப் வார் ரக்னராக்' 2022 நவம்பரில் கடைக்கு வந்தது. பிளேஸ்டேஷன் பிளஸின் எக்ஸ்ட்ரா அடுக்குக்கு வந்தது 2025 ஜனவரியில். இரண்டு வருஷத்துக்கு மேல். ஊரே பேசும்போதே ஆட வேண்டும் என்கிறவருக்கு இது உதவாது. 'எப்போது ஆடினால் என்ன, கேம் அதேதானே' என்கிற பொறுமைசாலிக்கு இது போதும்.

இப்போது ஒரே ஒரு கேமை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 4 அன்று 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற குட்டி நிறுவனம் எடுத்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கேம். வெளியான நிமிஷத்தில் ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. விலை 19.99 டாலர். அதே நாள் கேம் பாஸிலும் வந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டுமான பிசி கேம் பாஸின் அன்றைய மாதக் கட்டணம் 11.99 டாலர்.

லீவில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் பிசி கேம் பாஸ் போட்டு, ராப்பகலாக ஆடி அந்த மாதத்திலேயே முடித்துவிட்டால் அவருக்கு எட்டு டாலர் லாபம். கூடவே இன்னொரு கேமையும் எட்டிப் பார்த்திருந்தால் லாபம் இன்னும் கூடும். வேலைக்குப் போகிறவர் தினம் முக்கால் மணி நேரம் ஆடுகிறார் என்றால் இந்த முரட்டு கேம் இரண்டாவது மாதத்துக்கு இழுத்துவிடும். இரண்டு மாதச் சந்தா 23.98 டாலர். அவர் வாங்கியிருந்தால் நாலு டாலர் மிச்சம், கேமும் கையிலேயே இருந்திருக்கும். மூன்றாவதாக ஒருவர்: ஆசையாகத் தொடங்கி, நாலாவது பெரிய வில்லனிடம் நாற்பது தடவை செத்து, 'நமக்கு இது ஆகாது' என்று மூடி வைத்துவிடுகிறவர். இந்த கேமில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. அவருக்குச் சந்தாதான் சரி, 19.99 போகாமல் 11.99-ஓடு தப்பித்தார், மீதி நாளில் வேறு ஏதாவது ஆடலாம். ஒரே கேம், ஒரே விலை, மூன்று பேருக்கு மூன்று விடை.

ஆகவே சந்தாவின் நிஜமான பலம் ருசி பார்ப்பதில் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பிரெஞ்சு ஸ்டுடியோவின் முதல் கேமுக்கு 50 டாலர் போட யாருக்கும் தயக்கம் இருக்கும். 2025 ஏப்ரலில் வந்த 'கிளேர் அப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33' அப்படிப்பட்ட கேம். கேம் பாஸில் இருந்ததால் பலர் தைரியமாகத் தொட்டுப் பார்த்தார்கள். சந்தாவில் சும்மா கிடைத்தபோதும் மூன்றே நாளில் பத்து லட்சம் பிரதி விற்றது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கேம் விருதும் அதற்கே.

எல்லா ஸ்டுடியோவுக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. டாங்கோ கேம்வொர்க்ஸ் எடுத்த 'ஹை-ஃபை ரஷ்' 2023 ஜனவரியில் அறிவித்த அன்றே கேம் பாஸில் இறங்கி நல்ல பெயர் வாங்கியது. 2024 மேயில் அந்த ஸ்டுடியோவையே மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நம்மூர்ப் பையன்கள் ஆடும் பிஜிஎம்ஐ-யை நடத்துகிற கொரிய நிறுவனமான கிராஃப்டன்தான் பிறகு அதை எடுத்துக்கொண்டது. நிறையப் பேர் ஆடினார்கள், பாராட்டினார்கள் என்பது மட்டும் ஒரு ஸ்டுடியோவைக் காப்பாற்றிவிடாது. பிடித்த கேமைக் காசு கொடுத்து வாங்குவதில் அந்த அர்த்தமும் இருக்கிறது.

"அப்படியென்றால் வாங்கிவிடுவதுதான் நல்லதா? வாங்கினால் நமக்குச் சொந்தம்தானே?" என்று கேட்பீர்கள். அங்கே ஒரு சங்கதி இருக்கிறது. ஆன்லைன் கடையில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினால் கிடைப்பது பெரும்பாலும் ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. யூபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேம் 2014-இல் வந்தது. இன்டர்நெட் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை மூடினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. அந்தக் கோபத்தில் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் கடைக்காரர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது.

இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. வாங்கிய கேம் என்றோ ஒருநாள் போகலாம்; சந்தா கேம் எந்த மாதமும் போகலாம். ஜிடிஏ 5 கேம் பாஸுக்குள் எத்தனை முறை வந்து வந்து போயிருக்கிறது என்பதை அதை ஆடியவர்கள் அறிவார்கள். விலகப்போகும் கேம்களின் பட்டியலை முன்கூட்டியே ஆப்பில் காட்டிவிடுவார்கள். பாதியில் இருந்தால் முடுக்கிவிட வேண்டியதுதான். பிளேஸ்டேஷன் பிளஸில் மாதா மாதம் 'இலவசமாக' எடுத்துச் சேர்த்துவைக்கும் கேம்களுக்கும் இதே கதை: சந்தா நின்றால் பூட்டு விழும், மறுபடி கட்டினால் திறக்கும். நிஜமாகவே கையில் இருக்க வேண்டுமானால் கன்சோலுக்கு டிஸ்க் வாங்கலாம். ஆடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் கன்சோலைச் சில ஆயிரம் மலிவு என்று வாங்குகிறவர்கள் இந்த வாசலை அடைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஜிஓஜி என்ற கடை பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இன்ஸ்டாலரைச் சேமித்து வைத்தால் போதும்.

சந்தாவும் வேண்டாம், முழு விலையும் வேண்டாம் என்கிறவர்களுக்கு மூன்றாவது வழி, காத்திருப்பது. ஸ்டீம் கடையில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி வரும். 2015-இல் வந்த 'விட்சர் 3' போன்ற பழைய பெரிய கேம்கள் அப்போது ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கும். வாங்கிப் பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எபிக் கடை 2018 இறுதியிலிருந்து கேம்களை இலவசமாகக் கொடுத்துவருகிறது, இப்போது வியாழக்கிழமைதோறும். 2020 மேயில் ஜிடிஏ 5-ஐயே கொடுத்தது. ஒருமுறை எடுத்துவிட்டால் கணக்கில் தங்கும், மாதக் கட்டணம் கிடையாது. 'ஸ்டார்டியூ வேலி' மாதிரி ஒரு கேமை வருஷக்கணக்கில் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் எடுத்தது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதற்குச் சந்தா கட்டுவது காசைக் கரைப்பது. ஒருமுறை வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

போன் கேம்களின் கணக்கு வேறு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் எல்லாம் இலவசம்; ஸ்கின், ராயல் பாஸ், யூசி என்று உள்ளேதான் காசு. அங்கே மாதம் எவ்வளவு போகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது ஆப்பிள் ஆர்கேடும் கூகுள் பிளே பாஸும்தான். பிளே பாஸ் 2022-இல் மாதம் 99 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது; ஆர்கேடும் இங்கே அதே விலைக்குத்தான் தொடங்கியது. இந்தச் சந்தாக்களில் வரும் கேம்களில் விளம்பரம் கிடையாது, 'இன்னும் ஐம்பது வைரம் வாங்கு' என்ற நச்சரிப்பும் கிடையாது. குடும்பத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். பெரிய பெயர்கள் குறைவு என்பது உண்மை. அந்த நச்சரிப்பு இல்லாததற்கே அந்தக் காசு தகும்.

கன்சோல்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கேமில் நண்பர்களோடு ஆன்லைனில் ஆட எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் கீழ் அடுக்குச் சந்தாவாவது வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையில்லை. உங்கள் பிள்ளை ஆடுவது ஃபோர்ட்நைட் மட்டும்தான் என்றால் சந்தாவே வேண்டாம். இ.ஏ.-யின் ஃபுட்பால் கேமை வாங்கி வைத்துக்கொண்டு ஆன்லைனில் மட்டும் ஆடுகிறான் என்றால் கீழ் அடுக்கு போதும். மேல் அடுக்கில் உள்ள நூற்றுக்கணக்கான கேம்களுக்கு நீங்கள் ஏன் அழ வேண்டும்? இன்னொரு விஷயம்: சந்தாவில் அடிப்படை கேம் இருந்தாலும் பிறகு வரும் கூடுதல் அத்தியாயங்களைப் பல கேம்களுக்குத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கட்டுவதென்று முடிவானால் கட்டும் முறையில்தான் சாமர்த்தியம். சந்தா வியாபாரம் நம் மறதியையும் நம்பி நடக்கிறது. சேர்ந்த அன்றே ஆட்டோ புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை ஆடலாம், அடுத்த மாதம் பணம் தானாகப் போகாது. மறந்துவிட்டாலும் வழி இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதா மாதம் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். கார்டு என்றால் அந்தத் தகவலில் உள்ள லிங்க்கிலேயே நிறுத்தலாம். யூபிஐ என்றால் ஆப்பில் ஆட்டோபே பகுதியில் போய் ரத்து செய்யலாம். அந்த மெசேஜை ஓடிபி குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். வருஷச் சந்தாவில் தள்ளுபடி உண்டு என்று ஆசை காட்டுவார்கள். முதல் தடவையே அதில் மாட்ட வேண்டாம். சந்தா நின்றபிறகு கேம் உங்களைவிட்டுப் போனாலும் நீங்கள் சேமித்த இடம் பொதுவாக அழியாது. பிறகு தள்ளுபடியில் அதே கேமை வாங்கி, அதே கன்சோலில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ருசி பார்ப்பது சந்தாவில், வைத்துக்கொள்வது தள்ளுபடியில் என்று ஆடுகிறவர்கள்தான் இந்த வியாபாரத்தில் ஜெயிக்கிறவர்கள்.

முடிவாகச் சொன்னால் இப்படி. வருஷத்துக்கு ஒன்றிரண்டு கேம் ஆடுகிறவர், ஒரே கேமோடு குடித்தனம் நடத்துகிறவர், இலவச கேம் மட்டும் ஆடுகிறவர், இந்த மூவருக்கும் சந்தா வேண்டாம். புதிது புதிதாகத் தொட்டுப் பார்க்கிறவர், நீண்ட லீவில் இருக்கிறவர், ஒரே கன்சோலை அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் பிடிக்கிற வீடு, இவர்களுக்குச் சந்தா நல்ல பேரம். அதுவும் அந்த ஒன்றிரண்டு மாதத்துக்கு மட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். முடிய ஐந்து நாள் இருக்கும்போது எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்று கணக்கெடுங்கள்; பல கன்சோல்களும் கேம்களும் அதைத் தாமே காட்டும். கட்டிய பணத்தை அந்த மணிக்கணக்கால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது ரூபாய்க்குள் வந்ததா, இன்னொரு மாதம் போடுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, அந்தக் காசை அடுத்த ஸ்டீம் தள்ளுபடிக்கு எடுத்து வையுங்கள்.